மிஸ்ஸிங் அடிக்கும் காரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது: கம்ப்ரஷன் கேஜ் வைத்து, அறிகுறி வாரியாக

மேட்டுப்பாளையத்தில் எங்கள் பட்டறை இருப்பது ஊட்டி மலை ஏறும் வண்டிகளும் இறங்கும் வண்டிகளும் நின்று போகும் இடத்தில். "இன்ஜின் போயிருச்சு, பிரிச்சாகணும்னு சொல்லிட்டாங்க" என்று முகம் வாடி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்ரஷன் பார்த்தாங்களா? எந்தச் சிலிண்டர்ல எவ்வளவு வந்துச்சு?" பெரும்பாலும் பதில் வராது. கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக நசுங்குகிறது என்பது; அதைக் கேஜ் எண்ணாகக் காட்டும். எண் எழுதாமல் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். அரை மணி நேரத்தில் எடுத்துவிடக்கூடிய எண் அது. அதைப் பார்க்காததால் பல ஆயிரம் ரூபாயை வீணாக இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் இன்ஜின் குலுங்குவது. கீழே இருப்பது பெட்ரோல், எல்பிஜி, சிஎன்ஜி கார்களுக்கு. டீசலுக்குத் தனியாகக் கடைசியில் கொஞ்சம்.

## எண் தப்பாக வராமல் அளப்பது

கேஜில் இரண்டு வகை உண்டு. ரப்பர் கூம்பைப் பிளக் ஓட்டையில் அழுத்திப் பிடிப்பது ஒன்று, ஓஸை மரையில் திருகுவது இன்னொன்று. திருகும் வகையையே வாங்குங்கள். 300 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை காட்டினால் போதும். பெரும்பாலான கார்களில் பிளக் மரை 14 மி.மீ.; சில புது இன்ஜின்களுக்கு 12 அல்லது 10 மி.மீ. அடாப்டர் வேண்டும்.

வண்டியை ஓட்டிச் சூடாக்கி, பிறகு பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் கொதிக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து பிய்ந்து வரும். பிளக் குழியில் காற்றடித்து மண்ணை ஊதிய பிறகே பாக்ஸ் ஸ்பேனரை வையுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றி அளந்தால் செல்ஃப் திணறிச் சுற்றும், எண்ணும் குறைந்து காட்டும். பிளக்குக்குப் பொறி தரும் காயிலின் கனெக்டர்களைப் பிடுங்குங்கள், பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுங்கள், கேஸ் வண்டி என்றால் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே வரும், பக்கத்தில் ஒரு பொறி போதும்.

பேட்டரி 12.6 வோல்ட் இருக்கட்டும். ஆக்சிலரேட்டரை ஒருவர் முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் திராட்டில் வண்டிகளில் பெடலை மிதித்தாலும் செல்ஃப் அடிக்கும்போது காற்று வழியில் உள்ள திராட்டில் தகடு திறக்காமல் இருக்கலாம், அதனால் ஏர் ஓஸைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். தகடு மூடியிருந்தால் உள்ளே காற்றே போகாது; நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் மாதிரி எண் காட்டும்.

செல்ஃப் அடித்ததும் முள் துள்ளித் துள்ளி ஏறும். ஐந்து முதல் ஏழு துள்ளல் வரை அடியுங்கள். முதல் துள்ளலில் எங்கே நின்றது, கடைசியில் எங்கே நின்றது, இரண்டையும் எழுதுங்கள். முதலில் குறைவாக வந்து ஒவ்வொரு துள்ளலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரிங் (அழுத்தம் கீழே கசியாமல் தடுக்க பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையம்) மேல் சந்தேகம். முதலிலும் குறைவு, பிறகும் ஏறவில்லை என்றால் வால்வு (காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் திறந்து மூடும் கதவு) மேல் சந்தேகம்.

நல்ல பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐக்குள் காட்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் கடைசித் தீர்ப்பு. ஆனால் அந்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம் முக்கியம். 10 சதவீதத்துக்குள் என்றால் கவலை வேண்டாம். 25 சதவீதத்தைத் தாண்டினால் கோளாறு நிச்சயம். நடுவில் இருந்தால் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்; தண்ணீரில் நின்ற வண்டி என்றால் மட்டும் ஓட்டாமல் அறிகுறி 5ஐப் பாருங்கள்.

இரண்டு இடத்தில் கேஜ் நம்மை ஏமாற்றும். ஒரு முறை ஒரே வாரத்தில் வந்த மூன்று வண்டிகளும் 110, 115 என்றே காட்டின. மூன்றும் நன்றாக ஓடும் வண்டிகள். கேஜ் ஓஸின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே டயர் வால்வு பின் மாதிரியே ஒரு சின்னப் பின் இருக்கும். பழையது கசிந்ததால் யாரோ டயர் கடைப் பின்னையே போட்டிருந்தார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் கேஜுக்கு வருவதில் ஸ்பிரிங் மெல்லியது, விரல் நுனியால் தொட்டாலே அழுங்கும். டயர் பின்னின் ஸ்பிரிங்கைத் தள்ளித் திறப்பதற்கே பாதி அழுத்தம் போய்விடுகிறது. பின்னை மாற்றிய பிறகு மூன்று வண்டியும் 165க்கு மேல் காட்டின. உங்கள் கேஜை நல்ல வண்டி ஒன்றில் வைத்துச் சரிபார்த்த பிறகே கோளாறு வண்டிக்குப் போங்கள்.

இன்னொன்று உயரம். ஊட்டி ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று மெலிவு. இங்கே அடிவாரத்தில் 170 காட்டும் அதே இன்ஜின் அங்கே 135ஐ ஒட்டிக் காட்டும். ஊட்டியில் அளந்து "கம்ப்ரஷன் போச்சு" என்று சொல்லி அனுப்பப்பட்ட வண்டி ஒன்று இங்கே வந்து நல்ல எண் காட்டியது. மேனுவல் எண்ணோடு மலை எண்ணை ஒப்பிடாதீர்கள். அங்கே சிலிண்டர்களை ஒன்றோடொன்று மட்டும் ஒப்பிடுங்கள்.

## அறிகுறி 1: ஐடிலில் குலுங்குகிறது, ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்

கேஜை எடுக்கும் முன் காயிலையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டரோடு இடம் மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் கோளாறு அந்தப் பாகத்தில்தான், வேலை முடிந்தது. மாறவில்லை என்றால் அளங்கள்.

எல்லாச் சிலிண்டரும் சமம் என்றால் இன்ஜின் உள்பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. இன்ஜெக்டர், வயரிங், இன்டேக் கேஸ்கட் கசிவு என்று வெளியே தேடுங்கள்.

ஒன்று மட்டும் குறைவு என்றால் முதலில் டாப்பெட் கேப், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இம்மி இடைவெளி.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். எல்பிஜி, சிஎன்ஜியில் ஓடும் வண்டிகளில் வால்வு மூடும்போது உட்காரும் சீட் சீக்கிரம் தேயும், முக்கியமாகப் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம். சீட் தேயத் தேய வால்வு உள்ளே இறங்கி, அதன் தண்டு ராக்கர் பக்கம் ஏறி வரும். நடுவில் விட்டிருந்த கேப் மெல்ல மெல்ல மறைந்துவிடும். பிறகு இன்ஜின் சூடானதும் தண்டு இன்னும் நீண்டு, வால்வு முழுக்க மூடாமல் இம்மியளவு திறந்தே நிற்கும். காலையில் நன்றாக ஓடும் வண்டி, சூடேறியதும் சிக்னலில் குலுங்கும். டாப்பெட் சத்தம் துளியும் இருக்காது. சத்தமே இல்லாததால் "டாப்பெட் நல்லா இருக்கு" என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்படி ஓர் ஆம்னி வந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி, எல்பிஜியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டி. ஓட்டுகிற அண்ணன் வேறொரு பட்டறையில் ஓவர்ஹாலிங்குக்கு விலை கேட்டுவிட்டு, நகையை அடகு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். சூட்டில் அளந்தேன்: 160, 75, 155. டாப்பெட் கவரைத் திறந்து இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ராக்கரைக் கையால் ஆட்டினால் அசையவே இல்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் ஆக மெல்லிய தகடு கூட நுழையவில்லை. மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைத் திருப்பி, மேனுவலில் உள்ள கேப் வைத்து இறுக்கினேன். ஓட்டிச் சூடாக்கி அளந்தபோது 150. கவர் கேஸ்கட்டுக்கும் கூலிக்குமான காசோடு முடிந்தது. சீட் தேய்ந்ததுதானே, மறுபடியும் தேயும். கேஸ் வண்டிக்கு 10,000 கி.மீ.க்கு ஒரு முறை இந்தக் கேப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கும் சொன்னேன்.

ராக்கர் ஸ்குரூ உள்ள இன்ஜினில் இதை நீங்களே செய்யலாம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுக்கு நேர் கீழே கிண்ண டாப்பெட் உள்ள இன்ஜினில் அளப்பது மட்டும் உங்கள் வேலை. ஷிம் என்ற இடைத் தகட்டையோ கிண்ணத்தையோ மாற்றக் கேம் ஷாஃப்டைக் கழற்ற வேண்டியிருக்கும், அது பட்டறைக்கு. ஹைட்ராலிக் டாப்பெட் என்றால் கேப் வைக்கும் வேலையே இல்லை.

கேப் சரி, எண் இன்னும் குறைவு என்றால் ஆயில் விட்டு அளங்கள். அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி இன்ஜின் ஆயிலைச் சிரிஞ்சில் எடுத்துப் பிளக் ஓட்டை வழியே விடுங்கள். கேஜ் இல்லாமல் இரண்டு சுற்று செல்ஃப் அடித்துவிட்டு மறுபடி அளங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்). ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு). பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் சிலிண்டரில் ஆயில் ஏதும் சொல்லாது: அங்கே வால்வு எரிந்திருக்கும், அல்லது பிஸ்டனே ஓட்டையாகியிருக்கும்.

எந்த வால்வு என்று தெரிய காற்று விட வேண்டும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் மேல் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, பிளக் ஓட்டையில் கம்ப்ரஸர் ஓஸைத் திருகிக் காற்றை விட்டு, காதை வைத்துக் கேளுங்கள். திராட்டில் பக்கம் உஸ் என்றால் இன்டேக் வால்வு. சைலன்ஸர் குழாயில் என்றால் எக்ஸாஸ்ட். ஆயில் ஊற்றும் மூடியில் பலமாக வந்தால் ரிங். அங்கே கொஞ்சம் வருவது நல்ல இன்ஜினிலும் உண்டு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட். காற்று விடும் முன் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவைக்காதீர்கள். பிஸ்டன் இம்மி தள்ளியிருந்தாலும் இன்ஜின் வெட்டித் திரும்பும், ஸ்பேனர் கையை உடைத்துவிடும்.

இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கி லேத்தில் சீட் கட்டிங், வால்வு கிரைண்டிங். கீழ் இன்ஜினைத் தொட வேண்டாம். ரிங் என்றால் முழு வேலை.

## அறிகுறி 2: செல்ஃப் லேசாக, வேகமாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

வழக்கமான "குர்-குர்-குர்" என்ற திணறல் இல்லாமல் "விர்ர்ர்" என்று ஒரே சீராகச் சுற்றும். அந்தச் சத்தம் கேட்டால் செல்ஃபை நிறுத்துங்கள்.

நேற்று வண்டியை வாசலிலிருந்து ஷெட்டுக்கு நகர்த்திவிட்டு உடனே ஆஃப் செய்தீர்களா? அப்படியென்றால் பெட்ரோல் போரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவியிருக்கும். எல்லாச் சிலிண்டரும் குறைவாகக் காட்டும், ஆனால் உள்ளே எதுவும் கெடவில்லை. பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, செல்ஃப் அடித்து உள்ளிருக்கும் பெட்ரோலை வெளியேற்றுங்கள். சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். காய்ந்த பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் நீலப் புகை வரும், பயப்பட வேண்டாம். டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று நின்றதா? கிராங்க்கோடு சேர்த்துக் கேமைச் சுற்றும் டைமிங் பெல்ட்டைச் சந்தேகியுங்கள். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், வேறொருவர் ஒரு நொடி மட்டும் செல்ஃப் அடிக்கட்டும். ராக்கரோ கேமோ அசையவில்லை என்றால் பெல்ட் அறுந்துவிட்டது. அதன் பிறகு ஒரு முறைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள், வண்டியைக் கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வைத் தட்டி வளைத்துவிடும். புது பெல்ட் போட்டதும் ஸ்டார்ட் செய்யாமல் முதலில் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். வளைந்த வால்வு உள்ள சிலிண்டர் பூஜ்யம் காட்டும்.

## அறிகுறி 3: பிக்கப் இல்லை, எல்லாச் சிலிண்டரும் சமமாகக் குறைவு

120, 118, 122, 120 என்று வருகிறது. உடனே "ரிங் போச்சு" என்பார்கள். நான்கு சிலிண்டரும் ஒரே அளவில் தேய்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள்.

பேட்டரி, திராட்டில், கேஜ் பின், மூன்றையும் மறுபடி பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். நின்றே கிடந்த வண்டியில் எலி கூடு கட்டிக் காற்று வழியை அடைத்திருக்கும். அடுத்த கேள்வி: பெல்ட் மாற்றிய பிறகுதானே பிக்கப் குறைந்தது? ஆமாம் என்றால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். கவரைத் திறந்து குறிகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா பார்க்கச் சொல்லுங்கள். செயின் வண்டி என்றால், செயின் நீண்டுபோய்க் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கலகலவென்று அடிக்கும்.

இவை எல்லாம் சரி, ஆயில் விட்டதும் நான்கும் 30, 40 பிஎஸ்ஐ ஏறுகிறது, ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கிறது என்றால், அப்போது ரிங் வேலைதான்.

## அறிகுறி 4: மலை ஏறினால் ஹீட், தண்ணீர் குறைகிறது

பர்லியாறு வளைவுகளில் பானெட்டைத் திறந்து வைத்து நிற்கும் வண்டிகளைத் தினமும் பார்க்கலாம். ஹீட் ஆகி நின்ற வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். மூடி திறந்தால் முகம் வெந்துவிடும், தண்ணீர் கொட்டினால் ஹெட்டில் விரிசல் விழும்.

ஆறிய பிறகு அளங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைவு, 170, 60, 65, 170 என்பது போல, ஆயில் விட்டாலும் ஏறவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் எரிந்துவிட்டது. பெரும்பாலும் இதுதான் காரணம்.

எண் எல்லாம் நன்றாக வந்தும் தண்ணீர் குறைகிறது என்றால் கேஸ்கட் நல்லது என்று முடிவு செய்துவிடாதீர்கள். தண்ணீர் வழிக்கு விழுந்த சின்ன விரிசலைக் கம்ப்ரஷன் கேஜ் பல நேரம் காட்டாது. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ரேடியேட்டர் ஓஸைப் பிடியுங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே ஓஸ் கல் மாதிரி விறைத்தால் சிலிண்டர் காற்று உள்ளே வருகிறது. பிளக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்தது போல வெளுத்திருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

இந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். ஹெட்டை இறக்கும் பட்டறையில் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, தேவையானால் ஃபேசிங் போட்டு மட்டப்படுத்துவார்களா? ஹீட் ஆனதற்குக் காரணம் ஃபேனா, தெர்மோஸ்டாட்டா, வாட்டர் பம்ப்பா என்று கண்டுபிடித்தார்களா? காரணத்தை விட்டுவிட்டுக் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் அடுத்த மலையிலேயே மறுபடி எரியும்.

## அறிகுறி 5: தண்ணீரில் போன பிறகு ஒரு சிலிண்டர் கொஞ்சம் மட்டும் குறைவு

கோவையில் பலத்த மழை பெய்தால் ரயில்வே பாலங்களுக்கு அடியில் தண்ணீர் தேங்கும். அதில் இறங்கி நின்றுபோன வண்டிகள் இங்கேயும் வரும். தண்ணீரில் நின்ற வண்டியில் பிளக்குகளைக் கழற்றாமல் செல்ஃப் அடிக்கவே கூடாது. பிளக்குகளைக் கழற்றிய பிறகு சுற்றினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போகும். சுற்றும்போது ஓட்டைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடும், ஆனால் ஐடிலில் லேசான உதறல். எண்: 170, 170, 135, 170. ஆயில் விட்டால் பெரிய மாற்றம் இல்லை. காற்று விட்டால் எங்கேயும் கசிவு இல்லை. கம்ப்ரஷன் குறைவு, கசிவும் இல்லை: இந்த இரண்டும் சேர்ந்தால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. ராடு குட்டையானதால் பிஸ்டன் உச்சிவரை ஏறவில்லை.

இதை உறுதி செய்ய ஒரு பிளாஸ்டிக் குச்சி போதும். ஒவ்வொரு பிஸ்டனையும் மேல் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் ஓட்டை வழியே குச்சியை நிறுத்தி, ஓட்டை வாய் மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கிராங்க்கைக் கையால் ஸ்பேனர் வைத்துத்தான் திருப்ப வேண்டும், குச்சி உள்ளே இருக்கும்போது செல்ஃப் கூடாது. ஒரு சிலிண்டரின் கோடு மட்டும் ஒன்றிரண்டு மி.மீ. மாறி விழுந்தால் ராடு வளைந்தது நிச்சயம். அந்த வண்டியை இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. வளைந்த ராடு ஒரு நாள் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், அப்புறம் இன்ஜினையே மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்றால் எண்ணையும் குச்சியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, சர்வேயர் வரும்வரை எதையும் பிரிக்காதீர்கள்.

## அறிகுறி 6: நீலப் புகை, ஆயில் குறைகிறது, ஆனால் கம்ப்ரஷன் நன்று

காலையில் ஸ்டார்ட் செய்ததும், அல்லது மலை இறங்கிவந்து மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மட்டும் புகை என்றால் வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். விலை குறைந்த பொருள். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலேயே மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் புகைந்தால் ஆயில் ரிங், அதாவது போரில் உள்ள ஆயிலை வழித்தெடுக்கும் வளையம். கம்ப்ரஷன் ரிங் நன்றாக இருப்பதால் எண் நன்றாகவே வரும்.

எண் மேனுவலைவிட அதிகமாக வந்தால், பிஸ்டன் தலையில் கார்பன் படிந்திருக்கிறது, அல்லது ஆயில் மேலே ஏறுகிறது. மலை ஏறும்போது டக்டக் என்று தட்டும்.

## டீசல் வண்டி

பெட்ரோல் கேஜை டீசலில் திருகாதீர்கள். 350 முதல் 450 பிஎஸ்ஐ வரை வரும், கேஜ் தெறித்துவிடும். குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர் வழியாக, 1,000 பிஎஸ்ஐ கேஜ் வைத்து, டீசல் பம்ப் வேலை தெரிந்தவர்தான் அளக்க வேண்டும். ஆயில் விட்டு அளப்பது டீசலில் வேண்டவே வேண்டாம். உள்ளே இடம் குறைவு, ஆயில் பற்றிக்கொள்ளவும் செய்யும்.

## பட்டறையில் விடும்போது

அளந்த எண், ஆயில் விட்ட பிறகு வந்த எண், கிலோமீட்டர், தேதி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதே கேஜில் அளந்து பக்கத்திலேயே புது எண்ணை எழுதச் சொல்லுங்கள். ஹெட் வேலை மட்டும் என்றால் அன்றைக்கே எண் சரியாக வந்தாக வேண்டும். புது ரிங் போட்டிருந்தால் முதல் நாள் கொஞ்சம் குறைவாகவே வரும்; போரில் ரிங் உட்கார ஏறக்குறைய 1,000 கி.மீ. ஆகும். அது ஓடிய பிறகு வண்டியைக் கொண்டுபோய் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.